எண்ணின் ஜாதகம் சொல்லும் செயலி: 18446744073709551615 வைத்து ஒரு சோதனை

ஒரு எண்ணைத் தட்டினால் போதும், அதன் ஜாதகத்தையே கணித்துக் கொடுத்துவிடும் என்று சொல்லி அண்ணன் மகள் இந்தச் செயலியை என் கைபேசியில் போட்டுக் கொடுத்தாள். அவள் மென்பொருள் எழுதுகிறவள். நான் முப்பது வருடம் கணக்கு டீச்சர். அவளுக்குச் செயலி ஓடினால் சந்தோஷம். எனக்கு விடை சரியாக இருந்தால்தான் சந்தோஷம். இரண்டும் வேறு வேறு என்பதை இந்த இரண்டு மாதத்தில் நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

செயலியின் பெயரை எழுதப் போவதில்லை. யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்வதுபோல் தெரிகிறது, திருத்திக்கொண்டும் இருக்கிறார்.

சோதிக்க நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு எண்: 18446744073709551615. 2-ன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டே போனால் 64 கட்டத்துக்கும் சேர்த்து வருகிற மொத்தம் இதுதான். எடுவார் லூக்கா 1883-இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் 64 வட்டுகளை இடம் மாற்ற வேண்டிய நகர்த்தல்களும் இத்தனையே. நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் இதை எடுத்ததற்குக் காரணம் வேறு: இந்த எண்ணை எனக்கு உள்ளும் புறமும் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறை முழுக்க இதன் காரணிகளைக் காகிதத்தில் பிரித்துக்கொண்டிருந்தேன். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுத்தானே மாணவனைச் சோதிக்க முடியும்?

முதலில் பழைய பதிப்பு. இருபது இலக்கங்களையும் பொறுமையாகத் தட்டினேன். திரையில் 18446744073709552000 என்று வந்து நின்றது. சரி, இடம் போதாமல் சுருக்கிக் காட்டுகிறது போலும் என்று கீழே போனேன். "இரட்டை எண்: ஆம்." அடுத்த வரியில் பகாக் காரணிகள்: 2 × 2 × 2 × 2... விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன், அறுபத்து நான்கு இரண்டுகள். வேறு எதுவும் இல்லை.

நான் கொடுத்த எண் 5-இல் முடிகிறது. அது காட்டிய எண்ணோ மூன்று பூஜ்ஜியத்தில் முடிகிறது. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் 5 காரணியாக இருந்தே தீர வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். காரணிப் பட்டியலில் 5 இல்லை! கொடுத்தது ஒன்று, காட்டியது இன்னொன்று, காரணி பிரித்தது மூன்றாவது ஒன்றை.

அண்ணன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அத்தை, அது எண்ணை மிதவைப் புள்ளி எண்ணா (floating point) வெச்சுக்குது. 53 இரும இலக்கம் வரைக்கும்தான் துல்லியமா இருக்கும். அதுக்கு மேல போனா பக்கத்துல இருக்கிற எண்ணுக்குத் தள்ளிடும்."

"பக்கத்துலன்னா எவ்ளோ பக்கத்துல?"

"இந்த உயரத்துல 2048-க்கு ஒரு படி. நீங்க குடுத்த எண் மேல் படிக்கு ஒண்ணு கம்மி. அதனால அங்க ஏறிடுச்சு."

ஆக 9007199254740992 வரை, அதாவது 2-ன் 53-ஆம் அடுக்கு வரை, அந்தப் பழைய பதிப்பை நம்பலாம். அதற்கு மேல் அது பார்ப்பது நம் எண்ணையே அல்ல. இதை எங்கேயாவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "மிகப் பெரிய எண்களுக்கும்" என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தது.

மூன்று வாரம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. இப்போது எண்ணை ஒரு இலக்கம் மாறாமல் வைத்துக்கொள்கிறது. காரணிகளும் சரி, கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. என் விடுமுறைக் காகிதத்தில் இருந்ததும் இதுதான். ஆனால் வேகத்தைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். இது இருபது இலக்க எண்களிலேயே மிகவும் சாதுவானது. சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் 65537-உடன் வேலை முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் 6700417, 65537-இன் வர்க்கத்தைவிட எவ்வளவோ சிறியது, ஆகவே அது பகா எண்ணாகத்தான் இருக்க முடியும். பத்து இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கிக் கொடுத்தேன், செயலி பத்து நொடிக்கு மேல் யோசித்தது. அதுவும் குறையில்லை. நான் என்றால் பத்து மாதம் யோசித்திருப்பேன்.

இப்போது மொழிக்கு வருகிறேன். செயலியில் தமிழ் உண்டு, அதற்காகவே இன்னும் இரண்டு பேரிடம் சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி. ஒற்றைப்படை எண் என்று இருக்க வேண்டிய இடத்தில் "விசித்திரமான எண்: ஆம்" என்று இருக்கிறது. வர்க்கக் காரணி இல்லாத எண் என்பதைச் "சதுர இலவசம்: ஆம்" என்று போட்டிருக்கிறார்கள். எதை வாங்கினால் எந்தச் சதுரம் இலவசம்? "இரண்டின் அதிகாரம்: இல்லை" என்றதும் ஒரு கணம் ஏதோ அரசியல் செய்தி என்றே நினைத்தேன், அடுக்கைத்தான் அப்படிச் சொல்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பை யாரும் ஒரு முறை படித்துக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் "தீய எண்: ஆம்" என்று வந்ததும் அதுவும் இதே கோளாறு என்றுதான் எண்ணினேன். இல்லை. அப்படி ஒரு பெயர் உண்மையிலேயே இருக்கிறது: இரும முறையில் எழுதும்போது எத்தனை 1 வருகிறதோ அது இரட்டைப்படையாக இருந்தால் அந்த எண்ணைக் கணிதக்காரர்கள் விளையாட்டாகத் தீய எண் என்கிறார்கள். நம் எண் இரும முறையில் வரிசையாக அறுபத்து நான்கு ஒன்றுகள், பூஜ்ஜியம் கிடையாது. ஆகவே தீயதுதான். அதற்கடுத்த வரி "மகிழ்ச்சியான எண்: இல்லை." இதையும் சரிபார்த்தேன். இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 515, பிறகு 51, 26, 40, 16, 37, 58, 89 என்று போய்த் திரும்பத் திரும்ப அதே வளையத்தில் சுற்றும், 1-ஐத் தொடாது. 1-இல் போய் முடிந்தால்தான் மகிழ்ச்சியான எண். சரியான விடை. விசித்திரமானது, தீயது, மகிழ்ச்சியும் இல்லை. நல்ல ஜாதகம்!

இலக்கங்களின் கூடுதல் 87 என்று சரியாகச் சொல்கிறது. கப்ரேக்கர் பெயர் வைத்த ஹர்ஷத் எண்ணா, அதாவது தன் இலக்கக் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண்ணா என்று கேட்டால் இல்லை என்கிறது, அதுவும் சரி: 87-இல் 29 இருக்கிறது, நம் ஏழு காரணிகளில் 29 இல்லை. எண்ணை எழுத்தால் எழுதும் இடத்தில் "பதினெட்டு குவின்டில்லியன்" என்று தொடங்குகிறது. 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615 என்று போட்டிருந்தால் தமிழில் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது அளவு புலப்படும்.

எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. இந்தச் செயலி எதற்குமே ஏன் என்று சொல்வதில்லை. "மூன்று வர்க்கங்களின் கூடுதலாக எழுத: முடியாது." அவ்வளவுதான். ஏன் முடியாது என்பது ஒரு வரி விஷயம். எந்த வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான் வரும். இவற்றில் எந்த மூன்றைக் கூட்டினாலும் மீதி 7 வராது. நம் எண்ணின் மீதி 7. முடிந்தது. இதைச் சொல்லாமல் வெறும் "முடியாது" என்று சொல்வது, வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த பையன் விடை சொல்கிற மாதிரி இருக்கிறது.

641-ஐயும் அப்படித்தான் ஏழில் ஒன்றாக வரிசையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. மற்றவை வந்த விதம் எளிது. 2-ன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். அதை உடைத்தால் ஒரு பக்கம் 4294967297, மறுபக்கம் 4294967295. பின்னதை மறுபடி அதே வழியில் உடைக்கலாம்: 65537, அடுத்து 257, 17, 5, 3. இந்த வரிசையைத்தான் ஃபெர்மா எண்கள் என்கிறோம். இந்த ஐந்தும் பகா எண்களாக இருப்பதைப் பார்த்து, இந்த வகையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று ஃபெர்மா கருதினார். ஆறாவதான 4294967297-ஐ 641 மீதியில்லாமல் வகுக்கிறது என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

இந்த 4294967297-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ன் மடங்கோடு ஒன்று கூட்டினால் வருகிற வடிவில்தான் இருக்க வேண்டும். அந்த வடிவில் வரும் பகா எண்களைப் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே அகப்பட்டுவிடும். அதைவிட அழகு, வகுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பது. 641 என்பது 640-உம் 1-உம், அதாவது 5 × 128 கூட்டல் 1. அதே 641 என்பது 625-உம் 16-உம், அதாவது 5-ன் நான்காம் அடுக்கு கூட்டல் 2-ன் நான்காம் அடுக்கு. 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 5 × 128 என்பது −1. அதை நான்கு முறை பெருக்கினால் 5-ன் நான்காம் அடுக்கு × 2-ன் 28-ஆம் அடுக்கு என்பது 1. ஆனால் 5-ன் நான்காம் அடுக்கு −16-க்குச் சமானம். அதைப் போட்டால் −(2-ன் 32-ஆம் அடுக்கு) என்பது 1 ஆகிறது. ஆகவே 2-ன் 32-ஆம் அடுக்கு கூட்டல் 1-ஐ 641 வகுக்கும். எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், இன்றைக்கும் கடைசி வரி வரும்போது கை தானாக வேகமாகிவிடும்.

வகுத்து வரும் 6700417 பகா எண்தானா? அதே 64-மடங்கு விதியைப் பிடித்துக்கொண்டால் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எதிலும் போகாது. என் அந்த விடுமுறை இப்படித்தான் கழிந்தது.

வகுத்திகள் 128 என்று செயலி சொல்வது சரி, ஏழு காரணிகளை எடுப்பதா விடுவதா என்று ஏழு முறை இரட்டித்தால் 128. எல்லாவற்றையும் ஒரே நெடுவரிசையில் ஏறுவரிசையில் கொட்டியிருக்கிறது: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257, பிறகு 641, பிறகு 771... அந்த 641 நடுவில் நுழைந்தது கண்ணை உறுத்தும். அதுவும் 6700417-உம் ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் வருபவற்றை நீக்கிவிட்டு, இரண்டும் சேர்ந்தே வருபவற்றையும் இரண்டுமே வராதவற்றையும் விட்டு வைத்தால் 64 வகுத்திகள் மிஞ்சும். ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் மேலே உள்ள இரண்டின் கூடுதல் என்று அடுக்கிய பாஸ்கல் முக்கோணத்தை எடுத்து, ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 என்று மாற்றி, ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51 என்று அதே எண்கள் அதே வரிசையில் வரும். அறுபத்து நான்காவது வரிசை முழுக்க ஒற்றைப்படை, அதாவது 64 ஒன்றுகள், அதாவது நம் எண்ணே!

இதில் முதல் 32 வரிசைகளுக்கு இன்னொரு சிறப்பு. 1-ஐ விட்டுவிட்டால் மிஞ்சும் 31 எண்களும், அத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைந்துவிட முடியும் என்கிற எண்கள். 17 பக்கத்துக்கு வழி கண்டது 1796-இல் காஸ். 31-இல் கடைசி 4294967295. இதைவிடப் பெரிய ஒற்றைப்படை எண் ஒன்று அப்படி இருப்பதாக இன்றுவரை தெரியாது. முப்பத்து மூன்றாவது வரிசையில் 4294967297 வந்து நிற்கும், அங்கே 641 குறுக்கே விழுந்து பல்கோணக் கதை முடிந்துவிடும். இவ்வளவும் அந்த நெடுவரிசையில்தான் இருக்கிறது. ஒரு நிற வேறுபாடு, ஒரு சின்னக் குறிப்பு போதும். அது இல்லை.

அடுத்து வகுத்திகளின் கூடுதல். செயலி 12975236915480337152 என்றது.

வகுத்திகளில் அந்த எண்ணும் ஒன்று. அப்படியிருக்க மொத்தக் கூடுதல் அந்த எண்ணைவிடச் சிறியதாக எப்படி வரும்? ஒருவேளை எண்ணைத் தவிர்த்து மற்ற வகுத்திகளை மட்டும் கூட்டியிருக்கிறதோ என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு காரணியிலும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. விடை 31421980989189888768. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 12975236915480337153.

செயலி சொன்னது 152-இல் முடிகிறது, எனக்கு வந்தது 153-இல். இருபது இலக்கத்தில் ஒன்றே ஒன்று வித்தியாசம். என் பெருக்கலில்தான் தவறு என்று மூன்று முறை திரும்பப் போட்டேன், 9-ஆலும் 11-ஆலும் வகுத்துச் சரிபார்த்தேன். மாறவில்லை. இரவு பதினொன்றுக்கு அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, ஓவர்ஃப்ளோ. 64 இரும இலக்கம்தான் இடம். வண்டியில கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டினா மறுபடி 00000-ல இருந்து ஓடுமே, அது மாதிரி. உண்மையான விடையில 2-ன் 64-ஆம் அடுக்கு கழிஞ்சு போச்சு."

"அப்போ ஒண்ணு மட்டும் ஏன் குறையணும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. நான் கழித்தது நம் எண்ணை. செயலி தன்னையறியாமல் கழித்தது நம் எண்ணோடு ஒன்று சேர்த்து. வேறு எந்த எண்ணைக் கொடுத்திருந்தாலும் தப்பு எங்கோ எட்டத்தில் விழுந்திருக்கும். இந்த ஒரு எண்ணுக்கு மட்டும், சரியான வேறொரு விடைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது. பிழையாக இருந்தாலும் இந்த எண்ணின் கைவரிசை அதில் தெரிகிறது. எனக்குக் கோபமே போய்விட்டது.

நல்லவேளையாக, குறைவெண் என்ற தீர்ப்பு மட்டும் தப்பவில்லை. மற்ற வகுத்திகளின் கூடுதல் எண்ணைவிடக் குறைவு, அதனால் குறைவெண்தான். தவறான கூடுதலை வைத்துச் சொன்ன சரியான தீர்ப்பு. பரீட்சைத் தாளாக இருந்தால் பாதி மதிப்பெண் போடுவேன்.

துல்லியம் வேண்டுமென்றால் கணினியில் பாரி/ஜிபி என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெயர்போலவே ஒலிக்கிறது, இதுவும் இலவசம்தான். வகுத்திகளின் கூடுதலைக் கேட்டால் இருபது இலக்கமும் சரியாக வருகிறது, இடம் போதவில்லை என்ற பேச்சே இல்லை. ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், அழகான பெட்டிகள் கிடையாது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேக்டர் என்ற கட்டளையே போதும், காரணிகளை ஒரே வரியில் வரிசையாகக் கொடுத்துவிடும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்பது இலக்கம் வரை எண்களோடு விளையாடும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், தமிழை மட்டும் அணைத்துவிட்டுக் கொடுங்கள். வகுத்திகளின் கூடுதல் பற்றி உருவாக்கியவருக்கு எழுதியிருக்கிறேன், "அடுத்த பதிப்பில்" என்று ஒரு வரிப் பதில் வந்தது.

கடைசியாக ஒன்று. திரையின் அடியில் "அடுத்த எண்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 18446744073709551615-இல் நின்றுகொண்டு அதை அழுத்தினேன். 0 வந்தது. "விசித்திரமான எண்: இல்லை" என்றது, ஒப்புக்கொள்கிறேன். "வகுத்திகள்:" என்ற இடத்தில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. பூஜ்ஜியத்தை வகுக்காத எண் எது, அது ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறது. மூடவில்லை, அப்படியே மேசைமேல் வைத்திருக்கிறேன். சூடாகிவிட்டது, இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.